படச்சுருளை நடத்திய சாமிக்கண்ணு வின்சென்ட்

சேதுக்கரையில் பிறந்து வளர்ந்த நம் சங்கத்து அன்பர்களுள் மூத்தோர் பலரும் இளமையில் மணலிற் குந்திச் சினிமாப் பார்த்தவர்களே. பனையோலையும் தென்னங்கீற்றும் வேய்ந்த கொட்டகையில், முன்னிருப்பவர் தலை மறைக்காதபடி மணலைக் கூட்டி மேடாக்கி, அதன்மேல் அமர்ந்து திரையை நோக்கியிருந்த நாட்களை அவர்கள் மறந்திரார். திரையில் தோன்றிய நடிகர்களின் பெயர்களை நாம் இன்றும் சொல்வோம். நமக்குப் பின்புறத்தே, சிறு துவாரத்தின் வழியாக ஒளியை விடுத்துக்கொண்டிருந்த யந்திரத்தைப் பற்றியோ, அத்தகைய யந்திரத்தை முதன்முதல் தென்னாட்டு ஊர்தோறும் தூக்கிச் சென்று காட்டிய மனிதரைப் பற்றியோ நம்மில் அறிந்தோர் சிலரே. வாழ்க்கை வரலாறு எழுதப் புகுந்தால் அரசரையும் புலவரையும் எழுதுவதே நம் வழக்கமாயிற்று. இம்மாதம் அவ்வழக்கத்தை விட்டு, கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் அவர்களின் சரித்திரத்தை எழுத முற்பட்டோம்.

அவர் 1883-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கோயமுத்தூரிற் பிறந்தவர். பெருஞ்செல்வக் குடியினர் அல்லர். உரிய வயதில் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, தென்னிந்திய ரெயில்வேயில் வரைபடம் வரைவோராக உத்தியோகம் ஏற்றார். அக்காலத்தில் ரெயில்வே உத்தியோகம் என்றால் என்ன மதிப்பு என்பதை நம் அன்பர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மாதம் பிறந்தால் சம்பளம், பெண் கொடுக்க முன்வருவோர் பலர், ஊரில் மரியாதை. அத்தகைய பதவியைக் கைவிட்டு ஒரு கைப்பிடி யந்திரத்தை நம்பிப் புறப்படுபவனைப் பித்தன் என்று சொல்லாத உறவினர் எந்தக் குலத்திலும் இரார். நம் குடும்பங்களில் இன்றும் நிலைமை வேறல்ல என்பதைச் சங்கக் கூட்டங்களில் நாம் கண்டிருக்கிறோம்.

1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் சலனப் படங்களைக் காட்டிக்கொண்டு திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். வந்தவிடத்தில் நோயுற்றமையால் தம் யந்திரத்தையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப விரும்பினார். சாமிக்கண்ணுவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சுமார் 2,000 ரூபாய் திரட்டி அவற்றை வாங்கிக்கொண்டார். அக்காலத்தில் ஒரு குடும்பம் நிலம் வாங்கி நிலைபெறத்தக்க தொகை அது. ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படம் ஒன்றும், வேறு சில சிறு படங்களும், யந்திரமும் அவர் கைக்கு வந்தன. உத்தியோகம் போயிற்று. அவரது முதல் முழுவதும் அப்பெட்டிக்குள் இருந்தது. சுருள் அறுந்தால் மறு பிரதி தென்னாட்டிற் கிடையாது. பல் தேய்ந்தால் மாற்றுப் பல் கடல் கடந்து வரவேண்டும். ஆகவே அவர் பிழைப்பு முழுவதும், படச்சுருள் அந்த யந்திரத்தினூடே கிழியாமலும் துள்ளாமலும் செல்வதொன்றையே பற்றி நின்றது. இதனை விளங்கிக்கொள்ளாவிடில் அவரது துணிவின் அளவு நமக்குத் தெரியாது. எனவே யந்திரத்தின் உள்ளே சிறிது நுழைந்து பார்ப்போம்.

திரையில் உருவங்கள் ஓடுகின்றன என்றெண்ணி, சுருளும் ஆற்று நீர்போல் இடைவிடாது ஓடுகிறதென்று பலர் கருதுகின்றனர். அவ்வாறு ஓடினால் திரையில் மங்கலான கோடுகளன்றி வேறொன்றும் தோன்றாது. ஒவ்வொரு சிறு படமும் விளக்கின் முன் வந்து அசையாது நிற்க வேண்டும். நின்றபின் ஒளி அதனூடே சென்று திரையில் விழ வேண்டும். பின்னர் ஒளி மறைக்கப்பட, அடுத்த படம் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். ஊமைப்படக் காலத்தில் வினாடிக்குப் பதினாறு முறை இது நிகழ்ந்தது. ஓர் அடிச் சுருளில் பதினாறு படங்கள் உள. ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஓடி முடிவதற்குள் பதினாறாயிரம் முறை புறப்பட்டு, பதினாறாயிரம் முறை நிற்கிறது. ஒவ்வொரு முறையும் நகரும் தூரம் 19 மில்லிமீட்டர். அவ்வாறு நிற்கையில் ஒரு மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கு பிசகினாலும், பன்னிரண்டடி அகலத் திரையில் அது நூற்றைம்பது மடங்காகப் பெருகி, ஒன்றரைச் சென்டிமீட்டர் துள்ளலாகத் தோன்றும். காண்போர் கண் நோகும். காசு கொடுத்தவர் கூச்சலிடுவர்.

இப்படி நிறுத்தி நிறுத்திச் செலுத்துவதற்கு இரு வழிகள் பெயர் பெற்றன. 1895-இல் பாரிஸ் நகரில் காட்சி நடத்திய லூமியேர் சகோதரர்கள், சுருளின் ஓரத்துத் துளைகளில் இரண்டு நகங்களை நுழைத்துக் கீழே இழுத்து, பின் நகங்களைப் பின்வாங்கி மேலேற்றும் முறையைக் கையாண்டனர். தையல் யந்திரம் துணியை ஒவ்வொரு தையலுக்கும் சிறிது நகர்த்தி நிறுத்துவதைக் கண்டே இக்கருத்து எழுந்ததென்பர். நம் ஊர்த் தையற்காரர் ஒவ்வொருவர் காலடியிலும் சினிமாவின் மூதாதை இருந்ததென்று நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும் நகமுறை, நாள்தோறும் பல காட்சி நடத்தும் தொழிலுக்கு ஏற்றதாயிருக்கவில்லை. தேய்ந்த துளையில் நகம் விழுந்தால் சுருள் கிழியும்.

மற்றது, ஆப்பரேட்டர்கள் மால்டீஸ் கிராஸ் என்று சொல்லும் சிலுவைச் சக்கரம். நான்கு வெட்டுகளுள்ள ஒரு சிறு எஃகுச் சக்கரமும், அதன் பக்கத்தே ஓயாது சுழலும் மற்றொரு தட்டும் இதன் உறுப்புகள். தட்டில் ஒரு முளை இருக்கிறது. தட்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது முளை ஒரு வெட்டினுள் நுழைந்து சிலுவையைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு வெளியேறும். எஞ்சிய முக்கால் சுற்றின்போது தட்டின் வளைந்த விளிம்பு சிலுவையின் குழிவில் பொருந்தி, அதனை அணுவளவும் அசையவிடாது பூட்டி வைக்கும். சிலுவையின் அச்சிலேயே பதினாறு பற்களுள்ள பற்சக்கரம் இருக்கிறது. கால் சுற்றுக்கு நான்கு பற்கள்; நான்கு துளைகள்; சரியாக ஒரு படம். காலத்தைக் கணக்கிட்டால், வினாடியில் அறுபத்துநான்கிலொரு பங்கு நேரம் நகர்ந்து, அதைப்போல் மும்மடங்கு நேரம் நிற்கிறது. நகரும் நேரத்தில் மட்டும் ஒளி படாதபடி ஷட்டர் என்னும் விசிறித் தகடு மறைக்கும். தகடு சிறிது முந்தினாலும் பிந்தினாலும் திரையில் வெள்ளெழுத்துகளுக்கு வால் முளைத்தாற்போல் ஒளி இழுபடும்.

இனி, மேலே உள்ள பெருஞ்சுருளின் பாரத்தை எண்ணிப் பாருங்கள். அது சீராகச் சுழல வேண்டும். நடுவே உள்ள பகுதியோ துள்ளித் துள்ளிச் செல்ல வேண்டும். இரண்டையும் நேரே இணைத்தால் அடுத்த இழுப்பிலேயே சுருள் அறுந்துபோம். இதற்கு அமெரிக்காவில் லேதம் குடும்பத்தாரின் பட்டறையிலிருந்து 1895-இல் வெளிவந்த உபாயம், கேட்டால் நகைப்பூட்டுமளவு எளியது. கேட்டுக்கு மேலே ஒரு வளைவும் கீழே ஒரு வளைவுமாகச் சுருளைத் தளரவிட்டு மாட்டுவதே அது. லூப் என்று வழங்குவர். நம் பாம்பன் கரையில் வள்ளம் கட்டுபவன் எவனும் கயிற்றை முறுக்கிக் கட்டான், அலை ஏறி இறங்கும்போது கயிறு வெட்டென்று இழுபட்டு அறுமென்பதை அவன் அறிவான், தளரவிட்டே கட்டுவான். அந்தத் தளர்ச்சியே துள்ளலை விழுங்குகிறது. மேலும் கீழும் ஓயாது சுழலும் இரு பற்சக்கரங்கள் அத்தளர்ச்சியைக் கூட்டாமலும் குறைக்காமலும் காத்து நிற்கும். இந்த ஒரு வளைவு இல்லாதிருப்பின் நீண்ட படம் என்பதே இல்லை.

விளக்கின் முன்னுள்ள கேட்டில் சுருளைத் தட்டையாக அழுத்திப் பிடிக்க வில்லோடு கூடிய எஃகுப் பட்டைகள் உண்டு. அழுத்தம் குறைந்தால் படம் மிதக்கும். மிகுந்தால் துளைகள் கிழியும். பக்கவாட்டில் அசையாதிருக்க ஓரத்தில் ஒரு வழிகாட்டும் உருளை நிற்கும். புதுப் படச்சுருளின் மேற்பூச்சு உஷ்ணத்தால் இளகிப் பட்டையில் ஒட்டிக் கல்போல் இறுகும். அதை இரும்பாற் சுரண்டலாகாது, செம்பு அல்லது பித்தளைத் துண்டாற் சுரண்டி எடுக்க வேண்டும். பழஞ்சுருளோ உலர்ந்து சுருங்கும். துளைகளின் இடைவெளி குறுகிப் பற்களோடு பொருந்தாது. இவற்றையெல்லாம் விடக் கொடியது நெருப்பு. 1950 வரையில் வழங்கிய நைட்ரேட் சுருள், வெடிமருந்தின் உறவினம். கேட்டில் சிக்கி நின்றால் விளக்கின் உஷ்ணத்தால் நொடியிற் பற்றும்; தண்ணீரால் அணையாது. 1897-இல் பாரிஸ் நகரத்துத் தருமச் சந்தையில் படக்காட்சி விளக்கிலிருந்து எழுந்த தீயில் நூற்றிருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். துணிக் கூடாரத்தினுள், நூற்றுக்கணக்கான மக்கள் நடுவே, இத்தகைய பொருளை இரவுதோறும் கையாண்டவர் சாமிக்கண்ணு. அவர் வரைபடம் வரையும் உத்தியோகத்திலிருந்து வந்தவர் என்பது இங்கே பெருந்துணை செய்திருக்கும் என்பது நம் துணிபு. ஓர் உறுப்பு மற்றோர் உறுப்போடு எங்ஙனம் பொருந்துகிறதென்று காகிதத்தின்மேற் கண்டு பழகிய கண் அது.

நாம் சிறு பிராயத்தில் கடற்கரை ஊர்க் கொட்டகை ஒன்றில் கண்டதை இவ்விடத்திற் சொல்வது பொருந்தும். உப்புக்காற்று வீசிய இரவு. கதாநாயகனின் தலை திரையின் அடியிலும் கால்கள் மேலேயும் தோன்றின. மக்கள் சீழ்க்கையடித்தனர், ஒருவர் திரையின்மீது மணலை வாரி எறிந்தார். ஆப்பரேட்டர் அறையின் படியில் ஒளிந்து நின்ற நாம் உள்ளே பார்த்தோம். அவர் பதறாமல் ஒரு திருகைச் சிறிது திருப்பினார். தலை தன் இடத்துக்கு ஏறிற்று. அடுத்துக் கீழ்வளைவு சுருங்கிச் சடசடவென்று ஒலித்தது. யந்திரத்தை நிறுத்தி, விரலால் வளைவைத் திரும்ப அமைத்தார். அவர் முகத்தில் வேர்வை வழிந்தது. வெளியே அவரை ஏசிய குரல்களுள் நம் தமையனார் குரலும் ஒன்று.

1905-க்குப் பின் சாமிக்கண்ணு ஊர் ஊராகப் புறப்பட்டார். கூடாரம், திரை, விளக்கு, யந்திரம், சுருள்கள் யாவும் ரெயிலிலும் மாட்டு வண்டியிலும் சென்றன. தென்னாட்டோடு நில்லாமல் வடக்கே லாகூர், பெஷாவர் முதலிய நகரங்கள் வரையிலும், கிழக்கே பர்மா வரையிலும் அவர் சென்று காட்டினார். மொழி தெரியாத ஊரிலும் ஊமைப்படம் விலை போயிற்று. 1909-இல் சென்னையில் எஸ்பிளனேடு பகுதியிற் கூடாரமிட்டுக் காட்சி நடத்தினார். பின்னர்ப் பாதே என்னும் பிரெஞ்சுக் கம்பெனியின் முகவராகிப் பிறருக்கு யந்திரங்களையும் படங்களையும் விற்றார். ஒரு சுருளை இழந்தால் யாவும் இழப்போம் என்ற பழைய அச்சம் அன்றோடு நீங்கியது.

1914-ஆம் ஆண்டு கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான சினிமா மண்டபத்தைக் கட்டினார். தென்னாட்டில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் நிலையான கொட்டகைகளுள் ஒன்று அது. அதே ஆண்டில்தான் அவர் விட்டு வந்த ரெயில்வே, நம் பாம்பன் கால்வாயின்மேல் பாலம் கட்டித் திறந்தது. அக்காலத்து இளைஞர் அனைவரும் பாலத்தைப் பற்றியே பேசியிருப்பர். மண்டபத்தைப் பற்றி நம் கரையில் யார் கேட்டிருப்பார்? கூடாரத்தில் காற்றும் மழையும் திரையை அசைக்கும். தரை அதிர்ந்தால் யந்திரமும் அதிரும். சுவரெழுப்பி, யந்திரத்தைத் திண்ணிய மேடைமேல் நிறுத்தியபின் படம் ஆடாது நின்றது. மின்சாரத்தால் இயங்கும் அச்சகமும் அரிசி ஆலையும் அவர் பிற்பாடு வைத்தார். பைக்காரா மின்சாரம் 1930-களில் கோயமுத்தூருக்கு வருமுன்பே அவர் மின்சாரத் தொழிலில் இறங்கிவிட்டார்.

1931-இல் படம் பேசத் தொடங்கியது. கேட்போர்க்கு மகிழ்ச்சி, யந்திரத்துக்கோ புதிய சோதனை. வேகம் வினாடிக்கு இருபத்துநான்கு படங்களாயிற்று. ஒலிக்கோடு சுருளின் ஓரத்தில் இருந்தது. படம் நின்று நின்று செல்ல வேண்டும். ஒலியோ நில்லாது ஓட வேண்டும், சிறிது தயங்கினாலும் பாட்டு அழுகையாகும். ஆகவே கேட்டில் துள்ளிய சுருளைக் கீழ்வளைவில் அமைதியாக்கி, இருபது படங்கள் தள்ளி, கனத்த சக்கரம் பூண்ட உருளையின்மேல் ஓடவிட்டு அங்கே ஒலியை எடுத்தனர். ஒரே சுருள் ஒரு சாண் தூரத்தில் குதிக்கவும் வேண்டும், மறுசாண் தூரத்தில் எண்ணெய்போல் வழியவும் வேண்டும். பேசும் படத்தைக் கண்டு பல பழைய கொட்டகைக்காரர்கள் தொழிலை விட்டனர். ஐம்பது வயதை எட்டிய சாமிக்கண்ணு விடவில்லை. கல்கத்தாவின் பயோனியர் பிலிம் கம்பெனியோடு சேர்ந்து 1933-இல் டி. பி. ராஜலக்ஷ்மி நடித்த வள்ளி திருமணத்தை வெளியிட்டார்; படம் நன்றாக ஓடியது. 1930-களின் நடுவில் கோயமுத்தூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ தோன்றியபோது அதன் பங்காளிகளுள் ஒருவராகவும் இருந்தார். பின்னர் அன்றைய நம் ஜில்லாவைச் சேர்ந்த காரைக்குடியிலேயே ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் ஸ்டுடியோ அமைத்து, 1947-இல் நாம் இருவர் படத்தை வெளியிட்டதை நம்மவர் அறிவர்; அதைக் காணச் சாமிக்கண்ணு இருக்கவில்லை.

அவர் 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் வயதில் காலமானார். 2010-களில் ஊர்க் கொட்டகைகளிலும் படச்சுருள் மறைந்து, எண்முறை யந்திரம் வந்தது. அதில் நகமும் இல்லை, சிலுவையும் இல்லை, தளர்ந்த வளைவும் இல்லை. வெரைட்டி ஹால் பிற்காலத்தில் டிலைட் எனப் பெயர் மாறியது. அது நின்ற வீதியை மட்டும் கோயமுத்தூரார் வெரைட்டி ஹால் ரோடு என்றே சொல்லி வருகின்றனர்.