முற்றுப்பெற்ற ஓட்டம்

தொடங்கிய செயல் இடையிலே தடைப்பட்டு நின்றுவிட்டால், அதனை எண்ணி ஏங்கியே காலத்தைக் கழிப்போர் பலர். அதனை மறந்து வேறு வழியிற் செல்வோர் சிலர். தாம் அடைய இயலாததைப் பிறராவது அடையவேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் உழைப்போர் மிகச் சிலரே. அத்தகையோருள் ஒருவர் ஜப்பானிய ஓட்ட வீரர் ஷிசோ கனக்குரி. அவர் தம் 20-ஆம் வயதில் தொடங்கிய ஓட்டம் ஒன்று, அவருடைய 75-ஆம் வயதிலேதான் முடிவுற்றது.

ஜப்பான் நாட்டின் தென்பகுதியில் உள்ள பெருந்தீவுகளுள் ஒன்று கியூஷு. அத்தீவில், குமமோட்டோ வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் நாள் கனக்குரி பிறந்தார். இளமையில் அவர் உடல்வலிமை மிக்கவராய் இருந்திலர். அவர் மேல்வகுப்புப் பயின்ற பள்ளி ஊரிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அவ்வூர்ச் சிறுவர் காலையிலும் மாலையிலும் அவ்வழியை ஓடியே கடப்பது வழக்கம். கனக்குரியும் அவர்களோடு ஓடினார். முதலில் மூச்சிரைத்துப் பின்தங்கிய சிறுவர், நாளடைவில் மூச்சை அடக்கி ஆளும் முறையைக் கற்றுக்கொண்டார். மேடும் பள்ளமும் நிறைந்த அப்பாதையே அவருக்கு முதல் ஆசிரியர் ஆயிற்று.

பின்னர் அவர் டோக்கியோ உயர்நிலை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரியின் தலைவராக விளங்கியவர் ஜிகோரோ கானோ. ஜூடோ என்னும் மற்போர்க் கலையைத் தோற்றுவித்த பெரியார் இவரே. 1909-ஆம் ஆண்டில் ஒலிம்பிக் பந்தயங்களை நடத்தும் உலகக் குழுவில் இவர் உறுப்பினரானார். அக்குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியர் இவர். பண்டைக் கிரேக்க நாட்டில் சிறந்து விளங்கிப் பின்னர் மறைந்துபோன ஒலிம்பிக் பந்தயங்கள், 1896-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் புத்துயிர் பெற்றிருந்தன. எனினும் ஜப்பான் அவற்றில் அதுகாறும் கலந்துகொண்டதில்லை. தம் நாட்டு இளைஞரை அவ்வரங்கிற்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பது கானோவின் பெருவிருப்பம்.

அதன்பொருட்டு 1911-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், டோக்கியோவை அடுத்த ஹனேடாவில் தேர்வுப் பந்தயம் நடைபெற்றது. ஓடவேண்டிய தொலைவு 25 மைல். அன்று குளிர்ந்த மழை பெய்தது. கனக்குரி, ஜப்பானியர் அணியும் தாபி என்னும் துணிக் காலணியை அணிந்து ஓடினார். நடுவழியில் அது கிழிந்துபோயிற்று. அவர் அதனை எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடி, 2 மணி 32 நிமிடம் 45 விநாடியில் முதல்வராக வந்தார். தொலைவு சரியாக அளக்கப்பட்டதா என்னும் ஐயம் பின்னர் எழுந்ததாயினும், அந்நேரத்தைக் கேட்டோர் அனைவரும் வியந்தனர். மாரத்தான் என்னும் நெடுந்தொலை ஓட்டத்திற்குக் கனக்குரியும், குறுந்தொலை ஓட்டத்திற்கு யாஹிகோ மிஷிமாவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் 1912-ஆம் ஆண்டுப் பந்தயம் நடக்க இருந்தது. அத்துணைத் தொலைவு செல்வதற்கு வேண்டிய பொருள் கனக்குரியிடம் இல்லை. உடன்பயின்ற மாணவர் பலர் தம்மால் இயன்றதைத் திரட்டித் தந்தனர். அப்பொருளுடன் அவர்களுடைய நம்பிக்கையும் அவர் தோள்மேல் ஏறிற்று. கப்பலில் ருஷிய நாட்டுத் துறைமுகமாகிய விளாடிவஸ்டாக்கை அடைந்து, அங்கிருந்து சைபீரியாவின் வழியே புகைவண்டியிற் பயணம் செய்தனர். பயணம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீண்டது. வண்டி நின்ற இடங்களில் எல்லாம் வீரர் இருவரும் இறங்கி ஓடிப் பயிற்சி செய்தனர்.

தொடக்க நாள் அணிவகுப்பில், நாட்டின் பெயர் எழுதிய பலகையைக் கனக்குரி ஏந்தினார். கொடியை மிஷிமா ஏந்தினார். ஒலிம்பிக் அரங்கினுள் ஜப்பான் அடியெடுத்து வைத்தது அதுவே முதன்முறை. சிற்றூர்ப் பாதையில் ஓடிப் பழகிய இளைஞரின் கனவு அன்று நனவாயிற்று. ஆயினும் இன்னல்கள் பல இருந்தன. கோடைக்காலத்தில் அந்நாட்டில் இரவும் பகல்போல் வெளிச்சமாக இருக்கும். அதனால் அவருக்கு உறக்கம் வரவில்லை. உணவும் பழக்கமற்றது. உடன்வந்த பயிற்சியாளரோ நோய்வாய்ப்பட்டிருந்தார்.

ஜூலை மாதம் 14-ஆம் நாள் மாரத்தான் ஓட்டம் நடைபெற்றது. அன்று வெப்பம் 30 பாகைக்கு மேல் இருந்தது. 68 வீரர் ஓடத் தொடங்கினர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வழியிலேயே தளர்ந்து நின்றுவிட்டனர். போர்ச்சுகல் நாட்டு இளைஞராகிய லசாரோ என்பவர் ஓடும்போதே விழுந்து, மறுநாள் உயிர்துறந்தார். பாதி வழியைக் கடந்த நிலையில் கனக்குரிக்கும் தலை சுழன்றது, கால்கள் தள்ளாடின. உணர்வு மங்கிய நிலையில் அவர் பாதையை விட்டு விலகினார். வழியோரத்து இல்லத்தார் ஒருவர் அவரை ஏற்று, பருக நீர்மம் தந்து, இளைப்பாறச் செய்தனர். களைப்பு நீங்கியதும் அவர் புகைவண்டி ஏறி நகருக்குத் திரும்பினார். பந்தயத்தை நடத்தியோரிடம் தம் நிலையை அவர் தெரிவித்திலர். அவர் ஓட்டத்தை முடித்ததாகவும் குறிப்பில்லை, விலகியதாகவும் குறிப்பில்லை. காணாமற்போன ஜப்பானியரைப் பற்றிய கதை சுவீடன் மக்களிடையே நெடுநாள் வழங்குவதாயிற்று.

நாட்டின் நம்பிக்கையைச் சுமந்து சென்றவர் வெறுங்கையோடு திரும்பினார். நாணமும் துயரமும் அவர் உள்ளத்தை வருத்தின. எனினும் அவர் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. வெப்பத்தை வெல்ல வேண்டுமென்று கோடை வெயிலில் கடற்கரை மணலில் ஓடிப் பழகினார். 1916-ஆம் ஆண்டுப் பந்தயம் பெர்லினில் நடைபெற வேண்டும். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. ஓட்ட வீரருக்கு உரிய சிறந்த பருவம் அது. ஆனால் முதல் உலகப்போர் மூண்டது, பந்தயம் கைவிடப்பட்டது. 1920-ஆம் ஆண்டில் ஆண்ட்வெர்ப் நகரில் ஓடி அவர் 16-ஆம் இடம் பெற்றார். 1924-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் அவர் மீண்டும் ஓடினார். அவ்வோட்டமும் நடுவழியில் நின்றது. ஒலிம்பிக் பதக்கம் அவர் கைக்கு எட்டாமலே போயிற்று.

தம் தோல்வியின் காரணங்களை அவர் ஆராய்ந்தார். தனி ஒருவர் ஓடினால் போதாது. நாடெங்கும் ஓட்டக்காரர் பலர் தோன்றவேண்டும். அவருள் வல்லவர் பயிற்சி பெறவேண்டும் என்று தெளிந்தார். அவரும் நண்பரும் முயன்றதன் பயனாக, 1920-ஆம் ஆண்டில் டோக்கியோவுக்கும் ஹக்கோனே மலைக்கும் இடையே அஞ்சல் ஓட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. ஒரு வீரர் தம் பங்கை ஓடி முடித்ததும், தோளிற் குறுக்காக அணிந்த துணிப்பட்டையைக் கழற்றி அடுத்தவரிடம் அளிப்பார். இங்ஙனம் 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை ஓர் அணியினர் பகிர்ந்து ஓடுவர். முதல் ஆண்டில் நான்கு கல்லூரிகளே கலந்துகொண்டன. இக்காலத்தில் ஜப்பானியர் ஆண்டுதோறும் ஆவலுடன் எதிர்நோக்கும் புத்தாண்டு விழாவாக அது வளர்ந்துள்ளது.

கனக்குரி ஆசிரியராகப் பணியாற்றி, மாணவியரும் விளையாட்டில் ஈடுபடவேண்டும் என்று வற்புறுத்தினார். எளிதிற் கிழிந்துபோகும் தாபியைக் காலணி செய்வாரோடு கூடி ஆராய்ந்து, நெடுவழிக்கு ஏற்றதாகத் திருத்தச் செய்தார். 1951-ஆம் ஆண்டில் ஹிரோஷிமா வட்டாரத்து இளைஞராகிய ஷிகேகி தனாக்கா, அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தானில் அவ்வகைக் காலணியை அணிந்து ஓடி முதற்பரிசு பெற்றார். ஸ்டாக்ஹோம் பாதையில் தளர்ந்த கால்கள், இளைஞர் ஒருவரின் கால்களால் வெற்றி கண்டன எனலாம்.

ஆண்டுகள் கடந்தன. 1967-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் 55-ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாட சுவீடன் நாட்டார் முனைந்தனர். முடிவு குறிக்கப்படாத அந்த ஓட்டக்காரரை அவர்கள் நினைவுகூர்ந்தனர். வந்து ஓட்டத்தை நிறைவு செய்யுமாறு அழைப்பு அனுப்பினர். 75 வயது முதியவராகிய கனக்குரி மார்ச்சு மாதத்தில் அவ்வரங்கை அடைந்தார். நரைத்த தலையும் மேலங்கியுமாக அவர் மெல்ல ஓடி, தமக்கெனக் கட்டப்பட்டிருந்த முடிவுக் கயிற்றை நெஞ்சால் தொட்டார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 54 ஆண்டு, 8 திங்கள், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி என்று அறிவிக்கப்பட்டது. நெடும்பயணம் இது என்றும், இடையிலே திருமணம் செய்து ஆறு மக்களையும் பத்துப் பேரப்பிள்ளைகளையும் பெற்றதாகவும் அவர் நகைச்சுவையுடன் கூறினார். உலகில் மிக நீண்ட நேரம் எடுத்துக்கொண்ட மாரத்தான் ஓட்டமாக அது பதிவுபெற்றது.

1983-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ஆம் நாள், தம் 92-ஆம் வயதில் கனக்குரி மறைந்தார். ஜப்பானிய மாரத்தானின் தந்தை என்று அவரை அந்நாட்டார் போற்றுகின்றனர். ஹக்கோனே ஓட்டத்தின் சிறந்த வீரருக்கு அவர் பெயரால் பரிசு வழங்குகின்றனர். அவர் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றும் பெற்றிலர். எனினும் ஓடிய வழியில் விழுந்தவர், எழுந்து பல்லாயிரவருக்கு வழி அமைத்தார். முடிவுக் கயிற்றை அவர் தொட்ட அந்நாளில் நிறைவெய்தியது அரங்கினுள் ஓடிய ஓட்டம் மட்டுமன்று. இடைப்பட்ட 54 ஆண்டுகளில் அவர் ஆற்றிய தொண்டும் அவ்வோட்டத்தின் பகுதியே ஆகும்.