அல்லற்காலத் தோழர் பாமாஷா

மேவார் நாட்டுச் சமணக் குடியொன்றில் தோன்றியவர் பாமாஷா. இவர்தம் தந்தையார் பார்மல், ராணா சங்கா காலத்தில் ரணதம்போர்க் கோட்டைக் காவலராக விளங்கியவர். மகாராணா பிரதாபருக்குப் பாமாஷா உற்ற தோழராகவும் அமைச்சராகவும் திகழ்ந்தார்.

1576ஆம் ஆண்டு ஹல்திகாட்டிப் போருக்குப்பின் பிரதாபரின் நிலை நலிந்தது. 1578இல் கும்பல்கர் கோட்டையும் முகலாயர் கைப்பட்டது. கருவூலம் வறண்டது, ஆரவல்லி மலைக்காடுகளே உறைவிடமாயின. அவரைச் சார்ந்திருப்போர்க்கு ஊதியம் ஏதுமில்லை. அக்பரைச் சேர்ந்தோர்க்கோ பதவியும் பொருளும் காத்திருந்தன. அந்நாளில் பாமாஷாவும் தம்பி தாராசந்தும் சூலியா என்னுமிடத்தில் பிரதாபரைக் கண்டு, தம்மிடமிருந்த பெரும்பொருளை அவர்முன் வைத்தனர். 25,000 வீரரை 12 ஆண்டுகள் பேணப் போதுமானது அது என்பது வழிவழிச் செய்தி.

படை மீண்டும் திரண்டது. 1582இல் திவேர்ப் போரில் வென்ற பிரதாபர், சித்தூர் நீங்கலாக மேவாரின் பெரும்பகுதியை மீட்டார். 1597இல் அவர் மறைந்தபின்னும் பாமாஷா விலகினாரல்லர். மைந்தர் அமர்சிங்குக்குத் துணைநின்று 1600இல் காலமானார்.

வாழ்ந்தார் இல்லத்தில் விருந்துண்போர் பலர். தாழ்ந்தார் வாயிலை நாடுவோர் சிலர். மிகுபொருள் விரும்பாமை என்னும் நம் இல்லற நோன்பு, அவ்வாயிலிலேயே நிறைவு பெறுகிறது. இவ்விழா நாளில் நலிந்த நண்பர் ஒருவர் இல்லத்திற்கேனும் செல்வோமாக.