மைக்கேல் பாரடே

வறுமையும் கல்லாமையும் சூழ்ந்த குடியில் பிறந்து, உழைப்பு ஒன்றையே துணையாகக் கொண்டு, உலகம் போற்றும் விஞ்ஞானியாக உயர்ந்தவர் மைக்கேல் பாரடே. மின்சாரத்தைப் பெருக்கும் வழியை உலகுக்குக் காட்டிய அப்பேரறிஞர், தம் முதுமையில் சிறுவர்களுக்கு விளக்க எடுத்துக்கொண்ட பொருள் ஓர் எளிய மெழுகுவர்த்தியாகும்.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், லண்டன் நகரை அடுத்த நியூயிங்டனில் பிறந்தார். தந்தையார் இரும்புக் கொல்லர், உடல்நலம் குன்றியவர். ஆகவே எழுத்தும் கணக்கும் சிறிது கற்றதோடு பாரடேயின் பள்ளிப்படிப்பு நின்றது. 14-ஆம் வயதில் அவர் புத்தகம் கட்டும் தொழில் பயிலச் சேர்ந்தார். பிறர் படிக்கக் கொடுத்த நூல்களைக் கட்டுவதோடு அமையாமல், அவற்றைத் தாமும் படித்தார். படித்ததை அப்படியே நம்பிவிடாது, கையிலிருந்த சில காசுகளைக் கொண்டு சிறு கருவிகள் செய்து சோதித்துப் பார்த்தார்.

1812-ஆம் ஆண்டில், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் விஞ்ஞானக் கழகத்தில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய சொற்பொழிவுகளைக் கேட்கும் பேறு அவருக்குக் கிட்டியது. கேட்டவற்றைப் படங்களுடன் எழுதி, தம் கையாலேயே நூலாகக் கட்டி, டேவிக்கு அனுப்பினார். தமக்கு ஒரு பணி வேண்டுமெனவும் கேட்டார். அப்போது இடம் இல்லாமையால், கற்ற தொழிலைக் கைவிட வேண்டாமென்றே டேவி அறிவுரை கூறினார். பாரடே மனம் தளரவில்லை. 1813-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உதவியாளர் இடம் ஒழியவே, டேவி அவரை அழைத்து அமர்த்திக்கொண்டார்.

அதன்பின் பாரடேயின் புகழ் வளர்ந்தது. மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்தார். பென்சீன் என்னும் பொருளைக் கண்டறிந்தார். 1831-ஆம் ஆண்டில், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்பதை மெய்ப்பித்தார். மின்னாக்கப் பொறிகளுக்கு அடிப்படை இதுவே.

அக்கழகத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறைதோறும் இளைஞர்களுக்கெனச் சொற்பொழிவுகள் நடைபெற்றன. பாரடே 19 முறை அப்பொறுப்பை ஏற்றார். 1860-ஆம் ஆண்டின் இறுதியில் கடைசி முறையாகப் பேச வந்தபோது அவருக்கு வயது 69, நினைவாற்றல் தேய்ந்திருந்தது. ஆயினும் மெழுகுவர்த்தியைப் பற்றி ஆறு சொற்பொழிவுகளை ஆர்வம் குன்றாமல் நிகழ்த்தினார்.

புதிய சாயங்கள் தோய்ந்த வண்ண மெழுகுவர்த்திகளையும், தூண்போல் வரியிட்ட அழகிய மெழுகுவர்த்திகளையும் அவர் முதலில் காட்டினார். வரியிட்டவை கண்ணுக்கு இனியவை, எரிவதிலோ குறையுடையவை. சுடரால் மேலெழும் காற்று வர்த்தியின் விளிம்பைச் சீராகக் குளிர்வித்தால்தான், உருகிய மெழுகைத் தாங்கும் கிண்ணம் அமையும். வடிவம் சீரற்றதாயின் கிண்ணம் சிதைந்து மெழுகு வழிந்தோடும். தோற்றத்தின் அழகு வேறு, பயன் வேறு என்பதை இவ்வாறு விளக்கினார்.

பின்னர்ச் சுடரின் நடுவிலுள்ள இருண்ட பகுதியில் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்து, மறுமுனையில் வெளிவந்த ஆவியைக் கொளுத்திக் காட்டினார். எரிவது மெழுகின் ஆவியே என்பது புலனாயிற்று. சுடரின்மேல் பிடித்த குளிர்ந்த கலத்தின் அடியில் நீர்த்துளிகள் தோன்றின. எரிதலால் உண்டான கரியமில வாயு சுண்ணாம்பு நீரைப் பால்போல் வெண்மையாக்கியது. மனிதர் விடும் மூச்சும் அவ்வாறே செய்தது. மெழுகுவர்த்தி எரிவதற்கும் உயிர்கள் மூச்சுவிடுவதற்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு சிறுவர்கள் வியந்தனர். 1861-ஆம் ஆண்டில் அச்சொற்பொழிவுகள் நூலாக வெளிவந்தன.

தம்மைத் தேடிவந்த 'சர்' பட்டத்தையும் ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் பாரடே ஏற்கவில்லை. 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் விரும்பியவாறே கல்லறையும் எளியதாக அமைந்தது.

மெழுகுவர்த்தியின் நிறம் அது எரியும் வேகத்தை மாற்றுமா என்று ஒரு மாணவன் அறிய விரும்பலாம். மெழுகும் திரியும் பருமனும் ஒத்த, நிறத்தில் மட்டும் வேறுபட்ட வர்த்திகளைக் காற்று வீசாத இடத்தில் ஒரே அளவு நேரம் எரித்து, முன்னும் பின்னும் எடை பார்ப்பானாயின் தராசே விடை கூறும். கண்ணுக்குத் தோன்றுவதை நம்பி அமையாமல், சோதித்துத் தெளியும் இப்பண்பே கொல்லர் மகனை மேதையாக்கியது. அப்பண்பு எளியோர்க்கும் கைகூடுவதாகும்.