நாகாய் நாகயோஷி

நாகாய் நாகயோஷி (இறப்பு: பெப்ரவரி 10, 1929) ஜப்பானிய வேதியியலாளரும் மருந்தியலாளரும் ஆவார். சீன மருத்துவ மூலிகையான மா ஹுவாங்கிலிருந்து எஃபெட்ரின் என்னும் காரப்போலியைப் பிரித்தெடுத்தமைக்காக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

நாகாய், ஜப்பானின் அவா மாகாணத்தில் (இன்றைய தோக்குஷிமா) மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். நாகசாகியில் மேலை மருத்துவம் பயின்ற இவரை அரசு 1871 இல் மேற்படிப்புக்காக ஜெர்மனிக்கு அனுப்பியது. பெர்லினில் ஆகஸ்ட் வில்கெல்ம் ஃபொன் ஹொஃப்மனிடம் கற்று, மருத்துவத்தை விட்டு வேதியியலுக்கு மாறினார். நாடு திரும்பியபின் தோக்கியோவில் பேராசிரியராகப் பணியாற்றினார். ஜப்பானிய மருந்தியல் சங்கத்தின் முதல் தலைவரும் இவரே.

எஃபெட்ரின்

சீன மருத்துவர்கள் மா ஹுவாங்கை இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். அதன் வேதிப்பொருளை நாகாய் 1885 இல் பிரித்தெடுத்தார். 1893 இல் எஃபெட்ரினிலிருந்து மெத்தாம்ஃபீட்டமினையும் உருவாக்கினார். இது பிற்காலத்தில் போதைப்பொருளாகப் பரவியது.

எனினும் எஃபெட்ரின் பல ஆண்டுகள் கண்மணியை விரிக்கும் மருந்தாக மட்டுமே கருதப்பட்டது. 1920களில் பீக்கிங் ஒன்றிய மருத்துவக் கல்லூரியில் கே. கே. சென், கார்ல் ஷ்மிட் ஆகியோர் அது அட்ரினலினைப் போலச் செயற்படுவதையும், வாய்வழி கொடுத்தாலும் பயன் தருவதையும் காட்டினர். அதன்பின் எஃபெட்ரின் ஈழைநோய்க்கான மருந்தாக உலகெங்கும் பரவியது. மூலிகையின் பழைய பயன்பாட்டை நவீன மருத்துவம் ஏற்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. நாகாய் அதனைக் காணும்வரை வாழ்ந்திருந்தார்.