அபினை எதிர்த்த டாக்டர் மீதே அபின் வழக்கு: ஈப்போவில் வாழ்ந்த வூ லியன் தே யார்?

ஈப்போ கார்டன் சவுத் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே ஒரு சாலைக்கு டாக்டர் வூ லியன் தே பெயரை வைத்திருக்கிறார்கள். கொரோனா காலத்தில் முகக்கவசத்தின் முன்னோடி என்று உலகமே இவரைத் தேடிப் படித்தது. 2021 மார்ச் 10 அன்று, அவருடைய பிறந்தநாளில், கூகுள் தன் முகப்பிலும் அவரை வரைந்து வைத்தது.

ஆனால் இந்த மனிதருக்கு மலாயாவில் ஒரு போதைப்பொருள் வழக்கில் தண்டனை கிடைத்தது என்பது உங்களுக்குத் தெரியுமா? அந்தக் கதை முகக்கவசத்தின் அளவுக்குப் பரவவில்லை.

வூ 1879-ல் பினாங்கில் பிறந்தார். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, 1896-ல் குயின்ஸ் உதவித்தொகை பெற்று, கேம்பிரிட்ஜின் இம்மானுவல் கல்லூரிக்குப் போனார். பரிசுகளும் பதக்கங்களுமாக மருத்துவம் முடித்து 1903-ல் ஊர் திரும்பினார். ஆனாலும் காலனி அரசின் மருத்துவச் சேவையில் மேல்பதவி கிடைக்கவில்லை, அது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான். கோலாலம்பூரில் சிறிது காலம் பெரிபெரி நோய் பற்றி ஆராய்ச்சி செய்துவிட்டு, பினாங்கு சூலியா தெருவில் சொந்தமாகக் கிளினிக் திறந்தார்.

அங்கேதான் அபின் அவர் கண்ணில் பட்டது.

கஜானா நிரம்பியது எதனால்?

அப்போது மலாயாவில் அபின் சட்டவிரோதமானது இல்லை, இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விளைந்த அபின் கப்பலில் வந்து, புகைப்பதற்கான 'சண்டு' ஆகக் காய்ச்சப்பட்டு, கடையில் பகிரங்கமாக விற்றது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்தது. சாலை போட்டதிலும், அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுத்ததிலும் புகைப்பவன் காசு கலந்திருந்தது.

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் நிலைமை இன்னும் மோசம். ஈயச் சுரங்கத்தில் முதுகொடிய வேலை செய்த சீனத் தொழிலாளிக்கு முதலாளியே கடனில் சண்டு கொடுப்பார், சம்பள நாளில் கணக்கில் கழித்துக்கொள்வார். வலியை மறக்கப் புகைத்தவன் கடனில் மாட்டி, ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே கிடப்பான்.

தோட்டத்துத் தமிழர்களுக்கு இது புதுக்கதை இல்லை. சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு அபினுக்குப் பதில் கள்ளு. அரசு லைசென்ஸ் கொடுக்க, தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை நடந்தது. கிளப்பில் உட்கார்ந்து விஸ்கி குடித்த துரைமார், கள் உடம்புக்குச் சத்து என்று வாதாடியதும் உண்டு. இதே கோபம்தான் 1947-ல் கெடா பீடோங்கில் கள்ளுக்கடை மறியலாகி, போலீஸ் மோதலில் முடிந்தது.

ஒரு அவுன்ஸ்

வூ பினாங்கு அபின் எதிர்ப்புச் சங்கத்தை முன்நின்று நடத்தினார். 1906-ஐ ஒட்டி, ஏறக்குறைய 2,000 பேர் திரண்ட ஒரு அபின் எதிர்ப்பு மாநாட்டையும் கூட்டினார். அபின் வியாபாரத்தில் இருந்த பெரும்புள்ளிகள் சும்மா இருப்பார்களா?

1907-ல் அவர் கிளினிக்கைச் சோதனை போட்டார்கள். ஒரு அவுன்ஸ் அபின் டிங்சர் அகப்பட்டது. எந்த மருந்துக்கடையிலும் இருக்கக்கூடிய வயிற்றுப்போக்கு மருந்து அது. உரிய அனுமதி இல்லாமல் வைத்திருந்தார் என்று வழக்கு. நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லி அபராதம் போட்டது. பெட்டி பெட்டியாக அபினை இறக்கி வரி வாங்கிய அரசின் சட்டம், ஒரு அவுன்ஸ் மருந்துக்காக டாக்டரைத் தண்டித்தது. சட்டப்படி சரிதான் என்று யாராவது சொல்லலாம். நியாயமா என்பது வேறு கேள்வி.

அதே சமயத்தில் அரசு ஒரு அபின் விசாரணைக் கமிஷனையும் அமைத்தது. 1908-ல் வந்த அதன் அறிக்கை, மிதமாகப் புகைத்தால் பெரிய கேடில்லை என்ற பக்கமே சாய்ந்தது. விளைவு? 1910-ல் குத்தகைக்காரர்களை ஒதுக்கிவிட்டு, சண்டு தயாரிப்பையும் விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது.

வூ அதற்குள் சீனா போய்விட்டார். 1910-11 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் சுமார் 60,000 பேரைக் கொன்ற நுரையீரல் பிளேக்கைக் கட்டுப்படுத்தி உலகப்புகழ் பெற்றார். பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த முகக்கவசம் அங்கே பிறந்தது. அடுத்து ஹேக் நகரில் நடந்த சர்வதேச அபின் மாநாட்டுக்குச் சீனப் பிரதிநிதியாகப் போனார். 1912 ஜனவரியில் அங்கே கையெழுத்தான ஒப்பந்தத்தில் பிரிட்டனும் கையெழுத்துப் போட்டது. அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் மலாயாவில் பிரிட்டிஷ் அரசின் சண்டுக் கடை திறந்தே இருந்தது. 1925-ல், அபின் வருமானம் நின்றுபோனால் சமாளிக்க ஒரு நிதியை ஒதுக்கினார்கள். அதற்கான பணமும் வருமானத்திலிருந்துதான் வந்தது, அந்த வருமானத்தில் அபினும் இருந்தது!

மறுபடி ஈப்போவில்

ஜப்பான் சீனாவைத் தாக்கிய 1937-ல் வூ மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண டாக்டராக உட்கார்ந்தார். ஏழைகளுக்கு இலவசமாகவே வைத்தியம் பார்த்தார் என்று இன்றும் சொல்கிறார்கள். ஜப்பானியர் ஆட்சியில் எதிர்ப்புக் குழு ஒன்று அவரைக் கடத்திப் பணம் கேட்டதும் நடந்தது. ஈப்போவில் பொது நூலகம் வரவேண்டும் என்று நன்கொடை திரட்டினார்.

அபின் ஏகபோகத்தைத் திரும்பக் கொண்டுவர மாட்டோம் என்று பிரிட்டன் அறிவித்தது 1943-ல், அதுவும் மலாயா அதன் கையிலேயே இல்லாதபோது. போருக்குப் பிறகு சண்டு சட்டவிரோதமானது. 1952-ல் அபாயகர போதைப்பொருள் சட்டம் வந்தது. கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை 1983-ல் அதில் சேர்ந்தது, 2023-ல் அந்தக் கட்டாயம் நீங்கியது.

இன்று போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்கலாமா என்று பேச்சு வந்தால், மலேசியாவில் அரசியல்வாதிகள் உடனே பின்வாங்குவார்கள். 2019-ல் சுகாதார அமைச்சர், சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்காமல் நோயாளியாகப் பார்க்கலாம் என்றபோது, இது சட்டபூர்வமாக்குவது அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது. இந்த வாதத்தில் வூவின் கதையை எந்தப் பக்கமும் முழுசாகச் சொந்தம் கொண்டாட முடியாது. விற்பனையைச் சட்டபூர்வமாக்கினால் அரசு பொறுப்பாக நடக்கும் என்பவர்கள், நம் ஊரிலேயே அரசு நடத்திய சண்டுக் கடையைப் பார்க்கட்டும். தண்டனைதான் வழி என்பவர்கள், பிடிபட்டது யார், தப்பியது யார் என்று 1907-ஐப் பார்க்கட்டும்.

வூ தன் வாழ்க்கை வரலாற்றை 1959-ல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜனவரி 21 அன்று, 80 வயதில், பிறந்த ஊரான பினாங்கிலேயே காலமானார். அவர் நன்கொடை திரட்டிய அந்த நூலகம் துன் ரசாக் நூலகம் என்ற பெயரில் இப்போதும் ஈப்போவில் இயங்குகிறது.