தெனார்

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்திலும் பிற ஊர்களிலும் முன்னாளில் மக்கள் சாம்பலும் புளியும் கொண்டு கலங்களைத் துலக்கி வந்தனர். சாம்பல் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும். புளி பித்தளையை மினுக்கும். பீங்கானில் ஊறிய தேயிலைக் கறையோ எளிதில் அகலாது. இந்நாளில் பல இல்லங்களில் கலம் கழுவும் இயந்திரம் உண்டு. அதில் இடும் தூள், தேய்ப்பார் இன்றியே அக்கறையைப் போக்கிவிடுகிறது. அத்தூளுள் மறைந்திருக்கும் வெளுக்கும் பொருளை முதன்முதல் கண்டறிந்தவர், தம் இளமையில் பிறர் இல்லத்தில் ஏவல் செய்து கல்வி பயின்ற ஒருவர் ஆவார்.

அவர் பெயர் லூயி ஜாக் தெனார். பிரெஞ்சு நாட்டின் லா லூப்தியேர் என்னும் சிற்றூரில், ஏழைக் குடியானவர் ஒருவரின் மகனாக 1777-ஆம் ஆண்டில் பிறந்தார். மருந்தியல் பயிலும் வேட்கையால் இளமையிலேயே பாரிசு நகரை அடைந்தார். அங்கே வோக்லான் என்னும் இரசாயன அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் சேர மாதம் 20 பிராங்கு செலுத்தல் வேண்டும். தெனாரிடம் அத்தொகை இல்லை. வோக்லானும் செல்வர் அல்லர், ஆதலின் இசையவில்லை. அவர்தம் சகோதரியர் இளைஞனுக்காகப் பரிந்து பேசினர். வீட்டு வேலைக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதும், அடுப்பில் ஏற்றிய கறி பொங்கி வீணாகாமல் பார்த்துக்கொள்வான் என்பதும் அவர்கள் கருத்து. இவ்வாறு, அடுக்களை வழியே ஆய்வுக்கூடத்துள் நுழைந்தார் தெனார்.

1804-இல், அதே வோக்லானுக்குப் பின் பிரெஞ்சுக் கல்லூரியின் பேராசிரியரானார். 1808-இல் கே-லுசாக்குடன் கூடிப் போரான் என்னும் தனிமத்தைப் பிரித்தார். ஒருநாள் வகுப்பில் பாடம் சொல்லுங்கால், தண்ணீர் என எண்ணிப் பாதரச நஞ்சு கலந்த நீரைப் பருகிவிட்டார். பதறாமல் முட்டையின் வெண்கரு வேண்டும் என்றார், மாணவர் ஓடிக் கொணர்ந்தனர், உயிர் பிழைத்தார்.

1818-இல் அவர் பேரியம் பெராக்சைடை அமிலத்தில் கரைத்து ஆராய்ந்தார். புதியதொரு நீர்மம் தோன்றியது. நீரில் உள்ளதைப் போல இரு மடங்கு ஆக்சிஜன் அதில் இருந்தது. அதுவே ஹைட்ரஜன் பெராக்சைடு. வெப்பம் பட்டால் சிதையும். மாங்கனீசு டையாக்சைடைத் தொட்டாலோ சீறிப் பொங்கும். ஆதலின் பனிக்கட்டியிற் குளிர்வித்தே அதனைக் காத்தார். நிறப்பொருளோடு வினை புரிந்து அதனை நிறமற்றதாக்கும் இயல்பு அதற்கு உண்டு. காற்றில் உள்ள கந்தகச் சேர்மத்தால் வெள்ளை ஈயம் கறுத்துப்போன ஓவியங்களை மீண்டும் வெளுக்கச் செய்ய அது பயன்பட்டது.

நீர்மமாக உள்ள இதனைத் தூளில் கலப்பது எங்ஙனம்? சலவைச் சோடாவுடன் சேர்த்து உலர்ந்த படிகமாக்குகின்றனர்; சோடியம் பெர்கார்பனேட் என்பது அதன் பெயர். வெந்நீர் பட்டவுடன் அது பெராக்சைடை வெளிவிடும். தேயிலையின் நிறம் அழியும். எஞ்சுவன நீரும் ஆக்சிஜனும் சோடாவுமே. முன்னர்க் குளோரின் சேர்மங்களை இத்தூள்களிற் கலந்தனர். அவை வெளுப்பதில் வல்லன. எனினும் உணவுத் துகள்களைக் கரைக்கும் நொதிகளையும் அழித்துவிடுவன. நொதி கலந்த தூள்களுக்குத் தெனாரின் பொருளே ஏற்றதாயிற்று.

தெனார் பிரபு என்னும் பட்டமும் செல்வமும் எய்தினார். ஆயினும் 20 பிராங்குக்கு வழியின்றி நின்றதை மறந்தாரல்லர் போலும். வறுமையுற்ற விஞ்ஞானிகளின் குடும்பங்களைக் காக்க 1857-இல் ஒரு சங்கம் நிறுவினார். அவ்வாண்டு சூன் திங்களிலேயே உயிர் நீத்தார். 1865-இல் அவர் பிறந்த சிற்றூர் லா லூப்தியேர்-தெனார் எனப் பெயர் பெற்றது.