வெட்ட வெட்ட முளைத்த கால்!

மழை விட்டதும் திருவரங்குளம் பக்கத்துக் குளம், குட்டைகளில் கறுப்புக் கறுப்பாகத் தலைப்பிரட்டைகள் நீந்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வால் நுனியை மீன் கடித்துவிட்டால்? கவலையே இல்லை, வால் மறுபடி வளர்ந்துவிடும்! இதைச் சோதித்து உலகுக்குச் சொன்னவர் லசாரோ ஸ்பல்லன்சானி.

1729ம் ஆண்டு, இத்தாலியில் ஸ்காண்டியானோ என்ற ஊரில் பிறந்தார். அப்பா வக்கீல். மகனும் சட்டம் படிக்கத்தான் பொலோனியா நகருக்குப் போனார். அங்கே அவருடைய உறவினரான லாரா பாஸி என்ற பெண்மணி, இயற்பியல் பேராசிரியராக இருந்தார். பெண்கள் கல்லூரிப் பக்கம் போவதே அபூர்வமான காலம் அது! அவரால் ஸ்பல்லன்சானியின் மனம் அறிவியல் பக்கம் திரும்பியது. பாதிரியாராகவும், ஆசிரியராகவும் ஆனார்.

சாலமாண்டர் என்றொரு பிராணி. உருவம் பல்லி மாதிரி. ஈரத் தோலோ தவளை மாதிரி. அதன் காலை வெட்டினார் ஸ்பல்லன்சானி. எலும்பு, தசை, விரல்களோடு புதுக்கால் முளைத்தது. மூன்றே மாதங்களில் ஒரே பிராணிக்கு நான்கு கால்களையும், வாலையும் ஆறு முறை வெட்டினார். ஆறு முறையும் முளைத்தன! (பாவம் அந்தப் பிராணி. நீங்கள் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.) 1768ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். நத்தையின் தலைகூட மீண்டும் வளரும் என்று அதில் எழுதியிருந்ததால், ஐரோப்பா முழுக்கப் பலரும் கத்தியோடு நத்தையைத் தேடிக் கிளம்பினார்கள்!

தவளையிடம் அவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். தலைப்பிரட்டையாக இருக்கும்போது வாலும் காலும் வளர்கின்றன. தவளையான பிறகு வளர்வதில்லை. ஏன்? மனிதருக்கும் இப்படி முளைக்காதா? இந்தக் கேள்விகளுக்கு அவரால் விடை காண முடியவில்லை.

சாலமாண்டரின் காயத்தைத் தோல் சீக்கிரமே மூடிவிடும். அதனடியில் செல்கள் கூடி, சின்ன மொட்டுப்போல் ஆகி, அதிலிருந்துதான் கால் உருவாகிறது என்பது இன்று தெரியும். நமக்கோ காயம் தழும்பாகிவிடுகிறது. ஆனாலும், சிறு குழந்தைகளுக்கு விரல் நுனி துண்டானால், சில சமயம் நகத்தோடு வளர்ந்துவிடுவதை டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்பல்லன்சானி 1799ல் காலமானார். சுமார் 200 ஆண்டுகள் கழித்து, 1992ல், ஒடிசாவின் உத்கல் பல்கலைக்கழகத்தில் ஓர் அதிசயம் நடந்தது. பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடி (இவர் ஒடிசி நடனக் கலைஞரும்கூட!) குழுவினர், வால் வெட்டிய தலைப்பிரட்டைகளை வைட்டமின் ஏ கலந்த நீரில் விட்டார்கள். வால் இருந்த இடத்தில் கால்கள் முளைத்தன! அவை பலூன் தவளையின் குஞ்சுகள். மண்ணுக்குள் ஒளிந்திருந்து, மழை வந்ததும் வெளியே வந்து கத்தும் அந்தத் தவளை, நம் தமிழ்நாட்டிலும் இருக்கிறது.